கயிறு பிடித்தவர்

என் அண்ணன் சுகுமாரன் ஐம்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பெயர் வாங்கினார். கயிறு பிடிக்கிற வேலை.

தைப்பூசத்தன்று முதுகில் கொக்கி குத்திக்கொண்டு பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு கொக்கி, பன்னிரண்டு கயிறு, அத்தனையும் பின்னால் வருகிற ஓர் ஆளின் கையில் போய்ச் சேரும். முன்னால் போகிறவர் ஏர் மாடு மாதிரி இழுத்துக்கொண்டு போவார். எல்லோரும் அவரைத்தான் கும்பிடுவார்கள், அவரைத்தான் படம் எடுப்பார்கள். பின்னால் வருகிறவனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் வேலை அவனிடம்தான் இருக்கிறது. முன்னால் போகிறவருக்கு அருள் வந்தால் போதும், பின்னால் வருகிறவனுக்கு அறிவு வேண்டும். பிடியை இறுக்கினால் தோல் கிழியும். முழுதாக விட்டால் ஆள் குப்புற விழுவார்.

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் அண்ணனைப் போலக் கயிறு பிடிக்க ஆள் கிடையாது என்பார்கள். அவர் பிடித்ததோ ஒரே ஒருவருக்குத்தான். என் வீட்டுக்காரர் நல்லமுத்துவுக்கு. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். இனிமேல் குறைய என்ன இருக்கிறது? நல்லமுத்து, நல்லமுத்து என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் நவமணி. ஆயர் ஈத்தாம் பாசாரில் காலையில் இடியப்பம் விற்கிறவள். என் வாயைப் பற்றிப் பாசாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் அப்பா அம்மாவுக்கு இருந்த கோபம் முழுவதும் எனக்கு வந்துவிட்டது, பொறுமை முழுவதும் அண்ணனுக்குப் போய்விட்டது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவருக்குக் கொடுத்துவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்து, அவரே பெண்ணின் அப்பாவிடம் அந்த வேறு ஒருவனுக்காகப் பேசிவிட்டு வந்தார். அப்புறம் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இளிச்சவாயன் என்று நான் அவரைத் திட்டாத நாள் இல்லை. அவரும் சிரிக்காத நாள் இல்லை.

புக்கிட் தெங்காவில் ஒரு கிலாங். ஆஸ்திரியாக்காரன் நடத்துகிற தொழிற்சாலை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் பெட்டி செய்வார்கள். பனிமலைக்குப் போகிறவர்கள் அதை நெஞ்சில் கட்டிக்கொள்வார்களாம். பனி சரிந்து மூடினால், ஆள் எங்கே புதைந்து கிடக்கிறான் என்று அந்தப் பெட்டி மேலே இருப்பவர்களுக்குச் சத்தம் கொடுக்கும். அண்ணனுக்கு அங்கே சோதனை வேலை. ஒவ்வொரு பெட்டியையும் காதருகே வைத்து, 'பீப்' சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டுத்தான் அனுப்புவார். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தம். பனியை மட்டும் பார்த்ததில்லை. ஐஸ் கச்சாங் கடையில் சுரண்டிப் போடுவதுதான் அவருக்குத் தெரிந்த பனி.

நல்லமுத்துவும் அதே கிலாங்கில் மெஷின் பழுது பார்க்கிறவர். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வந்தவர்கள். அண்ணன்தான் ஒருநாள் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து, "மணி, இவரு நல்லவரு லா, கொஞ்சம் பேசிப் பாரேன்," என்றார். பேசிப் பார்த்தேன். நல்லவராகத்தான் இருந்தார்.

மகள் ஷர்மினிக்கு மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்து பிழைத்தாள். நல்லமுத்து முதுகில் கொக்கி குத்துவதாக வேண்டிக்கொண்டார். கயிறு பிடிக்க மச்சானைத் தவிர யார் இருக்கிறார்கள்? முதல் வருஷம் அண்ணனுக்குப் பயம். கயிற்றை விட்டால் மாப்பிள்ளை விழுந்துவிடுவாரோ என்று உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேளம் ஏறியது, நல்லமுத்து ஒரே பாய்ச்சலாக முன்னால் சாய்ந்தார், இரண்டு கொக்கி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. ஏழு தையல்.

அந்தச் சாலையிலேயே, அத்தனை ஜனத்துக்கு நடுவில், நான் அண்ணனைக் கிழித்த கிழி கொஞ்சமல்ல. "கயிறு இழுத்தா விட்டுக் குடுக்கத் தெரியாது உனக்கு? எருமைகூட ஒதுங்கும்! ஆளையே கொன்னிருப்பியே!" என்று கத்தினேன். அவர் வெறுங்காலோடு தார்ச்சாலையில் தலைகுனிந்து நின்றார். அதோடு விட்டேனா? அன்று சாயங்காலம் வீட்டில் சாமி தட்டில் சூடம் ஏற்றி அண்ணன் முன்னால் நீட்டினேன்.

"சத்தியம் பண்ணு. அவரு முன்னால சாஞ்சு கயிறு இறுகுச்சுன்னா நீ யோசிக்கவே கூடாது. ரெண்டு அடி முன்னால போவணும். ரெண்டே ரெண்டு. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

"மணி, விடும்மா," என்றார் நல்லமுத்து, கவிழ்ந்து படுத்தபடி.

அண்ணன் கையை நீட்டினார். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். கொப்புளம் ஒரு வாரம் இருந்தது.

பிறகு வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் ஃபிளாட்டின் நடைபாதையில் பயிற்சி நடக்கும். நல்லமுத்துவின் இடுப்பில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அண்ணனிடம் கொடுப்பேன். நல்லமுத்து எப்போது பாய்வார் என்று சொல்ல மாட்டார். பாய்ந்த கணத்தில் அண்ணன் வலது காலை வைத்து, இடது காலை வைத்து, மணிக்கட்டைத் தாழ்த்த வேண்டும். தாமதித்தால் அகப்பையால் முழங்காலுக்குக் கீழே ஒன்று வைப்பேன். அக்கம்பக்கத்து மலாய்க்காரப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். யோசித்துச் செய்தால் நேரமாகிவிடும், காலுக்கே புத்தி வர வேண்டும் என்பது என் கட்சி. வந்தது. பதினான்கு வருஷம் நல்லமுத்துவின் முதுகில் ஒரு கீறல் கூடுதலாக விழவில்லை. மலையேறி வருகிறவர்கள் அண்ணனின் காலைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்கண்ணே பழகினீங்க?" என்று கேட்பார்கள். "என் தங்கச்சி அகப்பையில," என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்திரியா வந்தது. புதிய மாதிரிப் பெட்டிக்கான மெஷின்களை புக்கிட் தெங்காவுக்குக் கொண்டுவருவதாக முடிவாகி, அதைக் கற்றுக்கொள்ள இவர்கள் இருவரையும் ஆறு மாதம் அங்கே அனுப்பினார்கள். அக்டோபரில் போனார்கள். நான் சம்பால் கிளறி டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். அங்கே லூக்காஸ் என்று ஒருவர். வாரநாளில் கிலாங்கில் பெட்டிகளைச் சோதிப்பவர், வாரக்கடைசியில் மலைக்கு ஆள் கூட்டிப்போகும் வழிகாட்டி. வெள்ளைக்காரரில் இவ்வளவு பொறுமைசாலியை நான் கேள்விப்பட்டதில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆன இரண்டு தடிமாடுகளுக்கு, சின்னப் பிள்ளைகள் விழுந்து எழுகிற மேட்டில் வைத்து பனிச்சறுக்கு சொல்லிக் கொடுத்தார். நல்லமுத்து தினமும் வீடியோ அழைப்பில் வந்து விழுந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார். பின்னால் அண்ணன் காலில் நீளக் கட்டைகளோடு வாத்து நடை நடப்பது தெரியும்.

மார்ச் மாதத்தில் இருவரும் தேறிவிட்டார்கள். ஊர் திரும்ப மூன்று வாரம் இருந்தது. "நீங்கள் இத்தனை வருஷம் செய்த பெட்டி எங்கே போகிறது என்று ஒருநாளாவது பார்க்க வேண்டாமா?" என்று கேட்டு, லூக்காஸ் அவர்களைப் பனியாற்றுக்குக் கூட்டிப்போனார். ஆறு என்றால் தண்ணீர் ஓடுவதில்லை. மலைக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் கெட்டிப்பட்டுக் கிடக்கிற பனி. நிற்பது மாதிரித் தெரியுமாம், ஆனால் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்குமாம். இறங்குகிற வேகத்தில் அங்கங்கே வெடித்துப் பிளவு விடும். கிணற்றைவிட ஆழமான பிளவு. அதன் வாயைப் புதுப்பனி மூடிவிட்டால் மேலே ஒன்றுமே தெரியாது. அதனால்தான் மூன்று பேரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு, இடைவெளி விட்டுப் போக வேண்டும். ஒருவர் பிளவில் விழுந்தால் மற்றவர்கள் பின்பக்கமாக விழுந்து உட்கார்ந்து, கால்கட்டையைப் பனியில் குத்தி, அவரைத் தாங்க வேண்டும்.

பின்பக்கமாக. லூக்காஸ் அதைக் கிலாங்கின் பின்முற்றத்தில் வைத்து இரண்டு சனிக்கிழமை சொல்லிக் கொடுத்தார். நல்லமுத்து அன்று என்னிடம் போனில், "கயிறு புடிக்கிறதுக்கு மச்சானுக்கே பாடம் நடத்துறாங்க, மணி! பினாங்குல வந்து கேட்டுப் பாருன்னு சொன்னேன்," என்றார். நானும் சிரித்தேன்.

அந்த நாள் எங்களுக்கு மதியம் ஒரு மணி, அவர்களுக்கு விடியற்காலை ஆறு. நல்லமுத்து போனில் முகம் காட்டினார். மூக்கில் வெள்ளைக் களிம்பு, நெஞ்சில் மஞ்சள் பெட்டி. பெட்டியைத் தட்டிக் காட்டி, "உங்க அண்ணன் பாஸ் பண்ணது, சத்தம் கேட்டுட்டுத்தான் குடுத்தாரு," என்றார். நான், "ஜாகா, ஜாகா, பாத்துப் போங்க," என்றேன். மறுநாள் இடியப்பத்துக்கான மாவு கையோடு இருந்ததால் போனைச் சீக்கிரம் வைத்துவிட்டேன். அவ்வளவுதான் பேசினது.

மேலே ஏறும்போது ஒன்றும் நடக்கவில்லை. சறுக்குக் கட்டைகளின் அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டால் வழுக்காமல் ஏறலாமாம். ஐந்து மணிநேரம் ஏறினார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்து என் சம்பாலை ரொட்டியில் வைத்துத் தின்றார்கள். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. இறங்கத் தொடங்கியதும் மேகம் கவிழ்ந்தது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. மேடு எது, பள்ளம் எது என்று தெரியாததால் லூக்காஸ் மறுபடியும் கயிற்றைக் கட்டினார். இறங்கும்போது வழிகாட்டி கடைசியில், மேலே இருக்க வேண்டும். யார் விழுந்தாலும் தாங்குகிறவர் அவர். நடுவில் அண்ணன். முன்னால் நல்லமுத்து. தண்ணீர்மலையில் போகிற அதே வரிசை.

நல்லமுத்துவின் காலடியில் பனி உடைந்தது. விழுந்தார். அண்ணன் இழுபட்டுப் போனார். பிளவின் வாய்க்கு ஒரு கை தூரத்தில் லூக்காசின் பிடி இருவரையும் நிறுத்தியது. அதற்குள் நல்லமுத்து மூன்று ஆள் உயரம் கீழே போய், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பனிவிளிம்பில் விலாவைக் கொடுத்துவிட்டார். ஓர் ஆள் உயரத்தில் நின்றிருந்தால் அந்த விளிம்பைத் தொட்டிருக்க மாட்டார் என்று அங்கேயுள்ள டாக்டர் எழுதியிருந்தார். மேகத்தில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. ஆட்கள் நடந்து வந்தார்கள். வருவதற்குள் முடிந்துவிட்டது. மஞ்சள் பெட்டி மட்டும் கடைசிவரை சத்தம் கொடுத்துக்கொண்டிருந்ததாம். அண்ணன் சோதித்த பெட்டி, எப்படிப் பழுதாகும்?

சவப்பெட்டியில் அவரைக் கொண்டுவந்து இறக்கிய அன்று, எல்லோர் முன்னாலும் நான் அண்ணனைக் கேட்டேன். "கடைசியா என்ன சொன்னாரு?"

அவர் சொல்லியிருக்க வேண்டாம். வேறு யாராக இருந்தாலும், 'உன் பெயரைச் சொன்னார்' என்று ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். என் அண்ணனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"இருவது நிமிஷம் பேசிட்டு இருந்தாரு, மணி. 'மச்சான், கொஞ்சம் விட்டுக் குடுங்க, வலிக்குது'ன்னாரு. திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு. லூக்காஸ் அசையாதேன்னு கத்துனாரு. நான் விட்டுக் குடுக்கல."

வடிவம்மாள் என்று பக்கத்து பிளாக்கில் ஒரு கிழவி, இழவு வீடென்றால் வாயில் வெற்றிலையோடு முதல் வரிசையில் உட்காருகிறவள். "பாவம், புடிச்ச கையே கொண்டுபோயிருச்சு," என்றாள். அவளை யாரும் அடக்கவில்லை. நானும் அடக்கவில்லை. சொல்லப்போனால் அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. கையில் ஒரு கல் கிடைத்த மாதிரி இருந்தது.

மூன்று வருஷம் அந்தக் கல்லை எறிந்தேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். குழாய் ஒழுகினால் மாற்றுவார், காற்றாடி துடைப்பார். நான் தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் தள்ளுவேன். வா என்று சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. முதல் தைப்பூசம் வந்தபோது இரண்டு இளைஞர்கள் வந்து, கயிறு பிடிக்க அண்ணனைக் கேட்டார்கள். பாவம், அவரும் வாயைத் திறந்தார். நான் அடுப்படியிலிருந்தே, "வேணாம் தம்பிங்களா. இவரு புடிச்சா போன ஆளு திரும்பி வராது," என்றேன். இளைஞர்கள் செருப்பைத் தேடினார்கள். அண்ணன் அந்தச் சோற்றை முழுதாகத் தின்று, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

கிலாங்கில் சோதனை வேலையை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டி ஒட்டுகிற பகுதிக்குக் கேட்டு மாற்றிக்கொண்டார். அந்தச் சத்தம் கேட்க முடியவில்லையாம். ஆள் பாதியாகிவிட்டார். ஆனால் ஒரு விஷயம் அவரை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது, அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு சாக்கில் அதிலேயே வந்து நிற்பார்.

"மணி, அன்னிக்கு என்னைக் கயிறு இழுத்துட்டுப் போச்சா, இல்ல நானா போனேனா, எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது."

"போலீஸ் எழுதிக் குடுத்திருக்கானே, இழுத்துச்சுன்னு."

"அவங்களுக்கு என்ன தெரியும் லா. என் காலைப் பத்தி உனக்குத்தானே தெரியும்."

அங்கே போலீஸ் விசாரணை நடந்தது. லூக்காஸ் பெட்டிகளைச் சோதிக்கும் வேலைக்காக ஹெல்மெட்டில் ஒரு கேமரா மாட்டியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அதிகாரிகள், நடுவில் இருந்தவர் முதல் கணத்திலேயே இழுத்துச் செல்லப்பட்டார், யார்மீதும் குற்றம் இல்லை என்று முடித்தார்கள். லூக்காசும் அப்படித்தான் சாட்சி சொன்னார். நான் கேட்டு எழுதியதால் அந்தப் படத்தின் ஒரு பிரதியை பென்டிரைவில் போட்டு எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம், பார்க்காமலே இருப்பது நல்லது என்று. நான் அதைச் சாமி அலமாரியில், விபூதிக் கிண்ணத்தின் பின்னால் போட்டு வைத்தேன். மூன்று வருஷம் தொடவில்லை.

போன தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு, அண்ணன் சாப்பிட உட்காரவில்லை. கதவருகிலேயே நின்றார்.

"மணி, அந்தப் படத்தை நீ பாரு. நான் பாத்தா, எப்படி இருந்தாலும் நான்தான் போனேன்னு எனக்குத் தோணும். நீ பாத்துச் சொல்லு. இழுத்துச்சுன்னு நீ சொன்னா நான் நம்பிடுறேன். அதோட விட்டுடுறேன். இந்த வருஷம் மலைக்கு வந்து தேங்கா ஒடைக்கிறேன். இல்லன்னா அதையும் சொல்லு. தெரிஞ்சுக்கிட்டுச் சாவுறேன். ரெண்டுல ஒண்ணு தெரியாம இருக்கறது சுசா லா, மணி. ரொம்பக் கஷ்டம்."

அப்படி அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து கொடுத்தே பழகினவர். ஷர்மினி தன் லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி, எதை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, "நான் பாக்க மாட்டேம்மா," என்று செபராங் ஜெயாவில் இருக்கும் தன் கடை வேலைக்குக் கிளம்பிப் போனாள். அண்ணன் நடைபாதைக்குப் போய் நின்றுகொண்டார். அவர் தலையின் பின்பக்கம் ஜன்னல் கம்பிக்கு வெளியே தெரிந்தது. நரைத்துவிட்டிருந்தது.

நான் அழுத்தினேன்.

வெள்ளை. வேறு ஒன்றும் இல்லை. பிறகு அண்ணனின் முதுகு, நீலச் சட்டை. அதற்கு அப்பால் சிவப்பாக நல்லமுத்து. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, அது லூக்காசுடையது. கயிறு அண்ணனின் இடுப்பு வாரில் கட்டியிருந்தது. இருந்தாலும் அவர் பழக்க தோஷத்தில் முன்கயிற்றைக் கையிலும் பிடித்திருந்தார். நல்லமுத்து மெதுவாக வழுக்கிக்கொண்டு போனார். ஏதோ சொன்னார், அண்ணன் சிரித்தார், தோள் குலுங்கியது. திடீரென்று நல்லமுத்து இடுப்புவரை பனிக்குள் இறங்கினார். விழவில்லை. இடுப்பில் சிக்கிக்கொண்டு, இரண்டு கையையும் பரப்பி, முன்னால் சாய்ந்தார். கயிறு இறுகியது.

உட்காரு, பின்னால உட்காரு, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அண்ணன் உட்காரவில்லை. வலது கட்டை முன்னால் நழுவியது. இடது கட்டை முன்னால் நழுவியது. மணிக்கட்டு தாழ்ந்தது. கயிறு தொய்ந்தது. அப்புறம்தான் நல்லமுத்துவைச் சுற்றியிருந்த பனி முழுவதும் உடைந்து, அவர் காணாமல் போனார். அதற்கப்புறம்தான் அண்ணனைக் கயிறு பிடுங்கி இழுத்தது.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். வெள்ளைக்கார அதிகாரி நூறு தடவை பார்த்தாலும் இழுபட்டதாகத்தான் தெரியும். உலகத்தில் ஒருத்திக்குத்தான் அது வேறு மாதிரித் தெரியும். அகப்பை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளுக்கு.

எனக்கு வந்தது கோபம். உண்மையைச் சொல்கிறேன், துக்கம் இல்லை, கோபம்தான் வந்தது. அந்த மனுஷன் இடுப்புவரை மேலே இருந்தார். இவன் உட்கார்ந்திருந்தால் போதும். உட்காருவதற்கு என்ன அறிவு வேண்டும்? மூன்று வருஷம் சந்தேகமாக இருந்தது இப்போது கையில் இருந்தது. ஒரு சொல், 'இழுத்துச்சு' என்ற ஒரு சொல் சொன்னால் போதும், அவர் பிழைத்துப் போவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போலீசும் லூக்காசும் ஒரே குரலில் சொன்ன பொய், நான் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நாக்கு வரவில்லை. வர நான் விடவில்லை.

கதவைத் திறந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"இழுத்துச்சா?"

"இல்லண்ணே. நீயாத்தான் போனே. அவரு இடுப்பு வரைக்கும் மேலதான் இருந்தாரு. நீ உக்காந்திருந்தா இன்னிக்கு இங்க உக்காந்து சோறு தின்னுருப்பாரு."

ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அவர் நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுவார், விழுவார் என்று காத்திருந்தேன். அதைப் பார்க்கத்தான் மூன்று வருஷம் காத்திருந்தேனோ என்னவோ. அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார், யாருடைய கால்களையோ பார்ப்பது போல.

"எத்தன அடி?"

"என்ன?"

"எத்தன அடி போனேன், மணி? சரியாப் பாத்தியா?"

"ரெண்டு."

"ரெண்டுதானே? கூட இல்லையே?"

"இல்ல. ரெண்டுதான்."

அண்ணன் மெதுவாகத் தலையாட்டினார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, கொஞ்சம் நிம்மதி மாதிரி.

"நல்லவேள. நான் பயந்து போயி கூட வெச்சிட்டேனோன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். நீ ரெண்டுதானே சொன்னே."

குத்திக் காட்டுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து முடித்தவனின் முகம். சூடத்தை அணைத்த அந்த உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். "சோறு வேணாம் மணி, பசிக்கல. வரேன்," என்று படியிறங்கிப் போனார். கீழே மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தம் கேட்டது.

படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சூடம் ஞாபகம் வரவில்லை. அண்ணனிடம் அத்தனையும் சொல்லும்போதும் வரவில்லை. அந்த உள்ளங்கையைப் பார்த்தபோதுதான் வந்தது. கதவருகிலேயே உட்கார்ந்தேன்.

அந்தத் தைப்பூசத்துக்கு அண்ணன் மலைக்கு வரவில்லை. நானும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் வருகிறார், குழாய் பார்க்கிறார், காற்றாடி துடைக்கிறார். அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததே இல்லை. எடுக்க அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. 'நீதானே சொன்னே' என்று ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துக் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.